மலையில் எட்டடி மீன் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி நிற்கிறது. அறைக்குள்ளேயே கண்ணாடியை நிறுத்தி ஒட்டிய தொட்டி. வீட்டுக்கு வருகிறவர்களும், ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலிலிருந்து போனில் பிடிப்பவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். கீழே சமவெளியில், கோயம்புத்தூரிலும் சென்னையிலும் தொட்டி கட்டுபவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி நமக்குச் செல்லாது. குளிர், சரிவு, படிக்கட்டு இந்த மூன்றும் அவர்களுக்கு இல்லை.

இந்த அளவுக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், மொத்த எடை எவ்வளவு?

எட்டு × மூன்று × இரண்டரை என்றால் 60 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 1700 லிட்டர். மேலே நாலு விரல் விட்டு நிரப்புவோம், அதனால் தண்ணீர் மட்டும் 1600 கிலோ என்று வையுங்கள். 19 எம்.எம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு நாற்பத்தேழரை கிலோ, எல்லாப் பலகையும் சேர்ந்து 380 கிலோ வரும். அப்புறம் ஸ்டாண்டு, மணல், கல். எல்லாம் கூட்டினால் 2.3 டன்னுக்குக் குறையாது. இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள், எந்த இடம் சரிப்படும் என்பது பாதி புரிந்துவிடும்.

தரை தாங்குமா?

எல்லாரும் கடைசியாகக் கேட்பார்கள், முதலில் கேட்க வேண்டியது. சாதாரண வீட்டு மாடித் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுவது வழக்கம். இந்தத் தொட்டி உட்காரும் இடம் இரண்டேகால் சதுர மீட்டர்கூட இல்லை, அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல். சுவரோரம் பீமுக்கு மேல் வைத்தால் தாங்கும் என்று மேஸ்திரி சொல்வார், ஆனால் அவர் சொன்னதை நம்பி மாடியில் வைக்காதீர்கள், வைத்தே தீர வேண்டும் என்றால் கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கட்டும். தரைத்தளம்தான் பாதுகாப்பு.

தரைத்தளத்திலும் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே சமமான மனை யாருக்குக் கிடைக்கிறது? மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி, தடுப்புச் சுவர் கட்டி, அதன் மேல்தான் வீடு நிற்கிறது. வெட்டிய பக்கம் கெட்டி மண். கொட்டிய பக்கம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமரும், டைல்ஸில் முடி அளவு வெடிப்பு ஓடியிருந்தால் அது அமர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் ஓரம் தொட்டி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் வேண்டாம், மலையை ஒட்டிய சுவர்ப் பக்கம் வையுங்கள். ஒரு மூலை மூன்று எம்.எம். இறங்கினாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும்.

பழைய பங்களா, பலகைத் தரை. அங்கே?

பலகைக்கு அடியில் ஒன்றரை இரண்டடி வெற்றிடம் இருக்கும். பலகை மேல் நேராக வைக்கவே கூடாது. அந்த இடத்தில் மட்டும் பலகையைக் கழற்றி, கீழே மண்ணிலிருந்து சாலிட் பிளாக்கில் தூண் எழுப்பி, தூண் மேல் ஸ்டாண்டு. மரத் தரையும் தொட்டியும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால், யாராவது தடதடவென்று நடக்கும்போது தண்ணீர் ஆடாது என்பது கூடுதல் லாபம்.

கண்ணாடி எத்தனை எம்.எம்.?

நீளத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். கண்ணாடியைத் தள்ளுவது தண்ணீரின் ஆழம், தொட்டியில் எத்தனை லிட்டர் என்பது பொருட்டே இல்லை. ஒன்றரை அடி உயரத்துக்கு 10 எம்.எம்., இரண்டடிக்கு 15, இரண்டரை அடிக்கு 19. இது நீளமான தொட்டிக்கு, 3.8 மடங்கு பாதுகாப்பு வைத்துப் போடும் வழக்கமான கணக்கு. எங்கள் தொட்டியின் முன் கண்ணாடியைத் தண்ணீர் 700 கிலோ விசையில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, இரவும் பகலும். அதனால் 12 எம்.எம். போதும் சார், நாங்கள் எவ்வளவு செய்திருக்கிறோம் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு 19 எம்.எம்.முக்கே ஆர்டர் கொடுங்கள். மேலே உள்விளிம்பு நெடுக நான்கு அங்குல அகலத்தில் கண்ணாடிப் பட்டையும், குறுக்கே இரண்டு பட்டையும் வேண்டும். அது இல்லாவிட்டால் நடுவில் கண்ணாடி வயிறு தள்ளும்.

காசு மிச்சம் பிடிக்க வழி கேட்பவர்களுக்கு ஒரே பதில், உயரத்தை இரண்டடியாகக் குறையுங்கள். கை அடி வரைக்கும் எட்டும், விளக்கு வெளிச்சம் கீழே இறங்கும், கண்ணாடிச் செலவும் குறையும். மீனுக்கு வேண்டியது நீந்த நீளமும் திரும்ப அகலமும்.

டஃபண்ட் கிளாஸ் போடலாமா?

சாதாரணக் கண்ணாடியே போதும். சூடேற்றிப் பலப்படுத்திய டஃபண்ட் கண்ணாடி பலமானதுதான், ஆனால் போனால் மொத்தமாகப் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், 1600 லிட்டரும் ஒரே நொடியில் வெளியே. சாதாரணக் கண்ணாடியில் பெரும்பாலும் விரிசல் விழும், கசியும், ஓடி வந்து வடிக்க நேரம் இருக்கும். இன்னொன்று, டஃபண்ட் செய்த பிறகு ஓட்டை போட முடியாது. பைப்புக்கு ஓட்டை எங்கே என்பதைக் கண்ணாடி வெட்டும்போதே முடிவு செய்து, சாதாரணக் கண்ணாடியிலேயே போடச் சொல்லிவிடுங்கள்.

அக்ரிலிக்?

லேசானது, கீறல் விழும், ஒட்டுவது தனி வித்தை. வீட்டில் செய்வதற்குக் கண்ணாடிதான்.

கண்ணாடியை மேலே கொண்டு வருவது எப்படி?

வெட்டுவது, விளிம்பு பாலிஷ், ஓட்டை எல்லாம் கீழேயே முடித்துக் கொண்டு வாருங்கள். 19 எம்.எம். கண்ணாடியைச் சரியாக வெட்ட எல்லாக் கடையிலும் வசதி இருக்காது. வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுவரக் கூடாது, மரச்சட்டத்தில் லேசாகச் சாய்த்து நிற்க வைத்து, பலகைக்குப் பலகை இடையில் ரப்பர் ஷீட் கொடுத்து, கயிற்றால் இறுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஆடும். டிரைவரிடம் மெதுவாக வரச் சொல்வதைவிட, காலையில் வண்டி நெரிசல் தொடங்குவதற்கு முன்னால் கிளம்பச் சொல்வது பலன் தரும்.

வண்டி ரோட்டோடு நின்றுவிடும். நம் வீடுகள் பாதிக்கு ரோட்டிலிருந்து படி இறங்கியோ ஏறியோதான் போக வேண்டும். முன் கண்ணாடி ஒன்றே 88 கிலோ. நாலு பேர், கண்ணாடி தூக்கும் ரப்பர் கப், தடித்த கையுறை, ஷூ. செருப்போடு யாரையும் தூக்க விடாதீர்கள். மழை பெய்து படியில் பாசி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், கண்ணாடி வண்டியிலேயே இருக்கட்டும். தொட்டியை வெளியே ஒட்டி உள்ளே கொண்டுவருவது என்ற பேச்சே இல்லை, மூன்றடி வாசலில் அது நுழையாது.

மூடுபனிக் காலத்தில் சிலிக்கான் ஒட்டலாமா?

வேண்டாம். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை நமக்கு நல்ல காலம். சிலிக்கான் இறுகக் காற்றில் ஈரப்பதம் வேண்டும் என்பது உண்மைதான், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் கண்ணாடியின் முகத்தில் ஈரம் இருக்கக் கூடாது. இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடி மேல் காலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருக்கும், அதன் மேல் ஒட்டினால் பார்க்கப் பிடித்த மாதிரிதான் தெரியும், தண்ணீர் ஏறும்போதுதான் உரிந்து வரும். ஒட்டுகிற இடத்தை அசிட்டோனால் துடைத்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, கை வைத்தால் சில்லென்று இல்லாத பதத்தில் ஒட்டுங்கள். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பும் கேஸ் ஹீட்டரும் உதவாது, கேஸ் எரியும்போது நீராவியை விடும், மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும். கரண்ட் ஹீட்டர் போதும்.

வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கானை வாங்கிவிடாதீர்கள், அது மீனுக்கு விஷம். வினிகர் வாசனை வரும் சாதாரணக் கண்ணாடிச் சிலிக்கான் நல்லது. இரண்டு பலகைக்கு நடுவில் இரண்டு மூன்று எம்.எம். இடைவெளி இருக்கும்படி சின்னத் துண்டுகள் வைத்து, இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு இணைப்பை ஒரே மூச்சில் முடியுங்கள். மேல்தோல் பத்து நிமிடத்தில் படிய ஆரம்பிக்கும், அதற்குள் விரலால் இழுத்து, டேப்பை ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். உள்ளே இறுகுவது வெளியிலிருந்துதான் நாளுக்கு நாள் போகும், அதுவும் குளிரில் மெதுவாக. 19 எம்.எம். அகல இணைப்புக்கு இங்கே மூன்று வாரம் கொடுங்கள். ஒரு வாரம் போதும் என்று டியூபில் எழுதியிருப்பது இங்கத்துக் குளிரை நினைத்து எழுதியதில்லை.

ஸ்டாண்டு மரமா இரும்பா?

இரண்டும் வேண்டாம் என்பேன். நம் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், இரண்டு கை ரெட் ஆக்சைடு அடித்தாலும் வெல்டிங் மூட்டில் ஆரம்பிக்கும். சாலிட் பிளாக்கில் நாலு குறுக்குச் சுவர், மேலே கடப்பா கல், அதன் மேல் ரசமட்டம் வைத்துச் சிமென்ட்டால் சமன் செய்து, அப்புறம் 18 எம்.எம். மரைன் பிளைவுட், அதன் மேல் ஒரு இன்ச் தெர்மாகோல். சமன் செய்யும் வேலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். இரும்புதான் என்றால் பாக்ஸ் பைப் 3 எம்.எம். கனத்துக்குக் குறையாமல் வாங்குங்கள்.

இத்தனை உயரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாமே?

நல்ல கேள்வி. ஊட்டி 2240 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் ஒரே வெப்பநிலையில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் முக்கால்தான். ஆனால் தண்ணீர் குளிரக் குளிர அதிக ஆக்சிஜனைப் பிடிக்கும். 15 டிகிரி ஊட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 7.7 மில்லிகிராம் வரை கரையும், 28 டிகிரி சென்னைத் தண்ணீரிலும் 7.8தான். ஆக, சூடாக்காத தொட்டிக்கு நஷ்டமே இல்லை. அதே ஊட்டித் தண்ணீரை ஹீட்டர் போட்டு 27 டிகிரிக்குக் கொண்டுபோனால் 6 ஆகிவிடும், சென்னை மீனுக்குக் கிடைப்பதைவிடக் கால் பங்கு குறைவு. அப்போது மீனையும் குறைக்க வேண்டும், ஆக்சிஜன் மோட்டாரையும் கூட்ட வேண்டும்.

இதே அழுத்தத்தின் இன்னொரு வேலையை மீன் வாங்கி வரும்போது பார்க்கலாம். சென்னை கொளத்தூரிலோ கோவையிலோ ஆக்சிஜன் அடித்துக் கட்டிக் கொடுத்த பை, மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஏற ஏற ஊட்டியில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பிக் கல்லாகிவிடும். கட்டும்போதே மலைக்குப் போகிறது, தொளதொளவென்று கட்டுங்கள் என்று சொல்லி வாங்குங்கள்.

சூடாக்கினால் கரண்ட் பில் எவ்வளவு வரும்?

முதலில் 1700 லிட்டரைப் பத்து டிகிரி ஏற்றவே 20 யூனிட். அது ஒரு தடவைச் செலவு, போகட்டும். அறை 14 டிகிரியில் இருக்க, தண்ணீரை 26இல் வைத்திருக்க, மூடியெல்லாம் போட்ட பிறகும் ஏறக்குறைய 450, 500 வாட் நிற்காமல் ஓட வேண்டும். நாளைக்கு 11, 12 யூனிட். இரண்டு மாத பில்லில் 700 யூனிட் கூடுதலாக ஏறும், அதுவும் மேல் ஸ்லாபில். மூன்று பக்கம் தெர்மாகோல் ஒட்டினால் குறையும், நின்றுவிடாது.

பில்லைவிடப் பெரிய தொல்லை சுவர். சூடான தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்த சுவரிலும் கூரையிலும் போய்ப் படியும், ஒரே மழைக்காலத்தில் தொட்டிக்கு மேலே கூரை கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். பூப்பண்ணைக் கூடாரத்துக்குப் போடும் இரட்டை அடுக்குப் பாலிகார்பனேட் ஷீட் கோத்தகிரிப் பக்கம் துண்டாகக் கிடைக்கும், மூடிக்கு அதுதான் சரி. ஹீட்டர் போட்டே தீர வேண்டும் என்றால் பெரிதாக ஒன்று போடாமல் சின்னதாக மூன்று போடுங்கள், ஒன்று கெட்டு நின்றாலும், கெட்டு அணையாமல் ஓடினாலும் மீன் பிழைக்கும்.

அப்படியானால் எந்த மீன்?

இந்தக் குளிரைக் கேட்டு வாங்கும் மீன்கள் இருக்கும்போது டிஸ்கஸ், அரோவானா மாதிரி வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் மீன்களை ஏன் இங்கே கொண்டுவந்து வதைக்க வேண்டும்? குன்னூரில் சூடாக்காத தொட்டித் தண்ணீர் ஜனவரியில் 14 வரை இறங்கும், ஏப்ரலில் 21, 22. சாதாரணத் தங்கமீனும் காமெட்டும் இதில் அருமையாக வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். பலூன் வயிறு, குமிழிக்கண் ரகங்களுக்கு இவ்வளவு குளிர் ஆகாது. கூட்டமாக ஓடுகிற மீன் வேண்டும் என்றால் மிஸ் கேரளா. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன் என்பதால் இதமான குளிரும் நீரோட்டமும் அதற்குப் பிடிக்கும். காட்டிலிருந்து பிடித்துப் பிடித்து அருகிப்போன இனம், பண்ணையில் பொரித்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எட்டடி நீளத்தை இருபது மீனும் ஒரே திசையில் திரும்பிக் கடக்கும்போது பக்கவாட்டில் அந்தச் சிவப்புக் கோடு மட்டும் ஓடும். மிஸ் கேரளாவுக்கு ஊட்டிக் குளிரில் ஜனவரி மட்டும் சின்ன ஹீட்டர் தேவைப்படும்.

கோய் வளர்க்கலாமா?

குளிர் ஒத்துக்கொள்ளும், தொட்டி ஒத்துக்கொள்ளாது. கோயும் கெண்டை இனம்தான், மிரர் கார்ப் எனப்படும் கண்ணாடிக் கெண்டையை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டபோது இந்தக் குளிரில் நன்றாகவே பிழைத்துப் பெருகியது. ஆனால் கோய் இரண்டடி வளரும். மூன்றடி அகலத் தொட்டியில் அது திரும்பவே சிரமப்படும். தோட்டத்தில் குளம் வெட்டுங்கள்.

ட்ரவுட்?

அவலாஞ்சியில் 1907இலிருந்து ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் இருப்பதால் இந்த ஆசை எல்லாருக்கும் ஒருமுறை வரும். அதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், இருபது டிகிரியைத் தாண்டினால் திணறும், மூடியைத் தட்டிக்கொண்டு குதிக்கும். வீட்டுத் தொட்டிக்கு ஆகாது.

தண்ணீர் நம் ஊரில் சுத்தம்தானே, அப்படியே ஊற்றலாமா?

பார்க்கச் சுத்தம், உள்ளே சத்து இல்லை. நம் ஊற்றுத் தண்ணீர் மிக மென்மையானது, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மீன் கழிவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரிலுள்ள காரத்தன்மையைத் தின்னும், அது தீர்ந்ததும் ஒரே வாரத்தில் பி.எச். (அமில-கார அளவு) சடாரென்று விழும். ஒரு கிலோ கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, துணிப்பையில் கட்டி, தொட்டிக்கு அடியில் ஃபில்டருக்காக வைக்கும் சின்னத் தொட்டியான சம்ப்பில் போட்டுவிட்டால் தேவைக்குத் தகுந்தபடி அதுவே கரையும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடி வரும் ஓடைத் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள், மருந்தும் உரமும் கழுவி வரும். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், டிரம்மில் பிடித்து ஆக்சிஜன் மோட்டார் போட்டு ஒரு நாள் வையுங்கள்.

வாரம் 300 லிட்டர் மாற்ற வேண்டும். வடிக்கிறது நமக்குச் சுலபம், குழாயை ஜன்னல் வழியே விட்டால் சரிவில் அதுவே இறங்கிக் கேரட் பாத்திக்குப் போய்விடும். குழாயின் மறுமுனை கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்ட இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்?

தொட்டிக்கு அடியில் 300 லிட்டர் சம்ப். மேலிருந்து வழிந்து இறங்கி, பஞ்சு, ஸ்பாஞ்ச் எல்லாம் கடந்து, மோட்டார் மேலே ஏற்ற வேண்டும். மணிக்கு நாலைந்து தடவை மொத்தத் தண்ணீரும் சுற்ற வேண்டும், அதாவது 7000 லிட்டர் மோட்டார், பெட்டியில் போட்டிருக்கும் அளவு ஐந்தடி ஏறினால் கிடைக்காது என்பதால் 10,000 வாங்குங்கள். கரண்ட் போனதும் பைப்பில் இருப்பதும் மேலே வழிய இருப்பதும் சம்ப்பில் இறங்கும், அதற்கு இடம் விட்டிருக்கிறதா என்று மோட்டாரை நீங்களே நிறுத்தி ஒருமுறை பாருங்கள். குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும், கீழே ஒரு மாதம் என்றால் இங்கே இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை நாலைந்து மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நவம்பர் மழையில் கரண்ட் போனால்?

கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒயர் மேல் சாய்ந்தால் அன்றைக்குக் கரண்ட் இல்லை, சில சமயம் மறுநாளும் இல்லை. பெரிய மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்டப் பார்க்காதீர்கள், பேட்டரியில் ஓடும் சின்ன ஆக்சிஜன் மோட்டார் இரண்டு போதும். தீனியை நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் மீன் மூச்சும் மெதுவாகத்தான், சூடாக்காத தொட்டி இதிலும் தப்பித்துக்கொள்ளும்.

கசிந்தால்? வீடு மாறினால்?

இரண்டுக்கும் வேலை ஒன்றேதான். காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் பிடிக்காது, கசிந்த இடத்தில் மட்டும் மேலே பூசினால் அடுத்த வாரம் அதே இடத்தில் சொட்டும். வடித்து, அந்த இணைப்பின் உள்பூச்சு முழுவதையும் பிளேடால் சுரண்டி, அசிட்டோன் போட்டு, புதிதாக இழுக்க வேண்டும். மாற்றிக் கொண்டுபோவதென்றால் மெல்லிய எஃகுக் கம்பியை இணைப்புக்குள் விட்டு இரண்டு பக்கமும் இரண்டு பேர் அறுத்து, பலகை பலகையாகப் பிரித்து, பழைய வீட்டுப் படியில் ஏற்றிப் புது வீட்டுப் படியில் இறக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் நான் நாலடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளத்தான் சொல்வேன்.